ஓடு... ஆனால் ஜெயித்துவிடாதே!



இந்த மாதம் ஒரு சினிமாப் படத்தைக் குறித்து எழுதப் போகிறேன். "என்ன, பாஸ்டர் வீட்டிலேயே படமா?" என்று உங்களில் சிலர் கேட்பது இங்கே ரிஷிவந்தியத்தில் என் தையல் மிஷின் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்கிறது. கோபப்படாமல் கடைசிவரை வாசியுங்கள். நான் அந்தப் படத்துக்கு சாட்சி சொல்ல வரவில்லை. அந்தப் படம் எனக்கு விரோதமாகச் சொன்ன ஒரு சாட்சியை உங்களிடத்தில் அறிக்கை செய்ய வந்திருக்கிறேன்.

என் சின்னவனுக்கு 9 வயது. இந்த வருஷம் கோடை லீவில் ஒரு மத்தியானம், நான் கடையில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் பின்பக்கமிருந்து என் மனைவி "ஐயோ" என்று அலறினாள். மிஷினை விட்டுவிட்டு ஓடினால், பக்கத்து வீட்டு வைக்கோல் போருக்குக் கீழே பையன் கிடக்கிறான். கழுத்தில் என் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போன சிவப்பு லைனிங் துணி. அதில் பாதி கிழிந்து முருங்கைக் கிளையில் தொங்குகிறது. மட்டமான துணியாயிருந்தபடியினால் கிழிந்தது. கெட்டித் துணியாயிருந்து, கிளையும் முறியாமல் இருந்திருந்தால் அந்தக் கழுத்து என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது. கர்த்தர் காத்தார். இடது மணிக்கட்டில் மாத்திரம் எலும்பு முறிவு. கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் மாவுக்கட்டு போட்டு, ராத்திரி பஸ்ஸில் திரும்பினோம்.

பஸ்ஸில் கேட்டேன். "என்னடா பண்ணினே?"

"பறந்தேன்பா."

"யாருடா உனக்குப் பறக்கச் சொல்லிக் கொடுத்தது?"

கூட்டாளி வீட்டில் செல்போனில் பார்த்தானாம். ஒரு குடும்பமாம். அப்பா, அம்மா, அக்கா, தம்பி, கைக்குழந்தை, எல்லாருமே சூப்பர் ஹீரோவாம்.

எனக்கு உடனே 'சக்திமான்' ஞாபகம் வந்தது. என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. 1997-ல் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரைக்கும் ஓடிய இந்தித் தொடர். பாஷை ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் சின்னப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஆபத்தில் குதித்தால் சக்திமான் வந்து தாங்கிக்கொள்வார் என்று நம்பிச் சில பிள்ளைகள் விபரீதத்தில் இறங்கினதாக அந்த நாட்களில் செய்திகள் வந்தன. அதில் நடித்த முகேஷ் கன்னாவே திரையில் வந்து, இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல வேண்டியதாயிற்று. அப்போது வேறே யாரோ வீட்டுப் பிள்ளை. இப்போது என் வீட்டுப் பிள்ளை.

வீட்டுக்கு வந்ததும் "இனிமேல் இந்த வீட்டில் எவனும் செல்போனைத் தொடக்கூடாது" என்று சட்டம் போட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. பைபிள் காலேஜில் எங்களுக்கு ஒரு காரியம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு உபதேசத்தைத் தப்பு என்று சொல்லுமுன்னே அதை முழுக்க வாசி, பாதி வாசித்துவிட்டுப் பிரசங்கபீடம் ஏறாதே என்பார்கள். அப்படியே, படத்தை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் தடை போடுவது என்று தீர்மானித்தேன். படம் இங்கிலீஷ். பிளஸ் ஒன் படிக்கிற என் மூத்த மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் தமிழில் சொல்லச் சொல்லப் பார்த்தேன். இந்தக் கட்டுரையில் பெரிய பங்கு அவளுக்குத்தான். அது பின்னால் வரும்.

படம் என்ன சொல்லுகிறது?

படத்தின் பெயர் 'தி இன்க்ரெடிபிள்ஸ்'. அமெரிக்காவில் பிக்ஸார் கம்பெனி 2004-ல் வெளியிட்டது. பிராட் பேர்ட் என்பவர் எழுதி இயக்கினார். மனிதர் யாரும் நடிக்கவில்லை, எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்த உருவங்கள். இரண்டு ஆஸ்கர் பரிசு வாங்கியிருக்கிறது. இந்தியில் தகப்பனுக்கு ஷாருக்கானும், அந்தத் தகப்பனுடைய பையனுக்கு அப்போது சின்னப் பிள்ளையாயிருந்த அவருடைய மகன் ஆரியனும் குரல் கொடுத்தார்கள்.

கதை இதுதான். அபூர்வ பலமுள்ள வீரர்கள் ஊரைக் காப்பாற்றுகிறார்கள். ஒருநாள் மாடியிலிருந்து குதித்துச் சாகப் போன ஒரு ஆளைத் தகப்பன் காப்பாற்றுகிறான். அந்த ஆளோ, "நான் காப்பாற்றச் சொன்னேனா?" என்று கேஸ் போடுகிறான். கேஸ் மேல் கேஸ் வருகிறது. முடிவில், இனி எந்த வீரனும் பலத்தைக் காட்டக்கூடாது, சாதாரண மனுஷனாய் ஒளிந்து வாழவேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிடுகிறது. 15 வருஷம் கழித்துப் பார்த்தால், அந்த மாவீரன் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் சின்ன மேஜைக்குப் பின்னால் தொப்பையோடு உட்கார்ந்திருக்கிறான். காலேஜ் முடித்துவிட்டுக் கடை மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்த எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரிந்த முகமாயிருந்தது.

அந்தக் குடும்பத்தை அமைத்திருக்கிற விதம் பெற்றோராகிய நாம் கவனிக்கத்தக்கது. தகப்பனுக்குப் பலம். தாய்க்கோ, ரப்பர் மாதிரி நீளுகிற சரீரம். (எந்த வீட்டுத் தாய்தான் அப்படி நீளவில்லை? ஒரு கை அடுப்பில், ஒரு கை பிள்ளை தலையில், ஒரு காது வாசலில்.) கூச்சப்படுகிற வயசுப் பெண்ணுக்கு யார் கண்ணுக்கும் படாமல் மறைந்துபோகிற சக்தி. பத்து வயசுப் பையனுக்கு மின்னல் வேக ஓட்டம். கைக்குழந்தைக்கு என்ன இருக்கிறது என்று ஒருவருக்குமே தெரியாது. வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் தான் பட்ட இழுபறியிலிருந்தே இந்தக் கதை பிறந்தது என்று அந்த இயக்குனர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் பறக்கிற கதையானாலும் சாப்பாட்டு மேஜைச் சண்டை நம் வீட்டுச் சண்டையாகவே இருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இது சின்னக் குழந்தைகளை உட்கார வைத்துவிட்டு நாம் வேலைக்குப் போகிற படமல்ல. துப்பாக்கி இருக்கிறது, ஏவுகணை இருக்கிறது, சாவு இருக்கிறது. 2018-ல் வந்த இரண்டாம் பாகத்தில் பளிச் பளிச்சென்று வெட்டுகிற வெளிச்சத்தினால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து வரலாம் என்று அமெரிக்கத் தியேட்டர்களில் எச்சரிப்புப் பலகையே வைத்தார்கள். வலிப்பு உள்ள பிள்ளைகள் நம் சபைக் குடும்பங்களிலும் இருக்கலாம். தாய்மார்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கை. என் மகன் கழுத்தில் கட்டின அந்த மேலங்கியை எந்தக் காரணம்கொண்டும் கட்டாதே என்று அந்தப் படமே சொல்லுகிறது! வீரர்களுக்கு உடை தைக்கிற ஒரு அம்மா வருகிறார். மேலங்கி விமானத்தில் சிக்கிச் செத்த வீரன், லிஃப்டில் மாட்டிச் செத்த வீரன் என்று வரிசையாகக் கணக்குச் சொல்லி, தொங்குகிற துணியே வேண்டாம் என்கிறார். தையற்காரனாகிய எனக்கு அந்த அம்மாவின்மேல் மரியாதை வந்தது. என் பையன் அந்த இடத்தில் தண்ணீர் குடிக்கப் போயிருந்தானாம்! பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காத பெற்றோருக்கு இது ஒன்றே போதும்.

மறைத்து வைத்த வரம்

அந்தப் பையனுக்கு ஓட ஆசை. பள்ளிக்கூடப் போட்டியில் சேரவேண்டும் என்கிறான். தாய் விடமாட்டேன் என்கிறாள். ஓடினால் குட்டு வெளிப்படும், குடும்பம் ஊரைவிட்டு ஓடவேண்டி வரும். அதனால், எல்லாருமே விசேஷமானவர்கள்தான் என்று சமாதானம் சொல்லுகிறாள். அப்படியானால் ஒருவருமே விசேஷமில்லை என்றுதானே அர்த்தம் என்று அந்தப் பையன் முணுமுணுக்கிறான். பின்னால் படத்தின் வில்லனும் கிட்டத்தட்ட இதே வார்த்தையைச் சொல்லுகிறான். ஒரு குழந்தையின் ஏக்கமும் ஒரு கொலைகாரனின் வன்மமும் ஒரே வார்த்தையில் வருகிறது. இதை நான் ரொம்ப நேரம் யோசித்தேன்.

அதைவிட என்னைக் குத்தின இடம் வேறொன்று. தாயும் பிள்ளைகளும் ஒரு விமானத்தில் போகும்போது ஏவுகணை துரத்திக்கொண்டு வருகிறது. பெண்பிள்ளைக்குத் தன்னைச் சுற்றி ஒரு காவல் வளையம் உண்டாக்கும் சக்தியும் உண்டு. "விமானத்தைச் சுற்றிப் போடு, போடு" என்று தாய் கதறுகிறாள். அந்தப் பெண்ணால் முடியவில்லை. எப்படி முடியும்? "காட்டாதே, மறை, அடக்கு" என்று பிறந்ததிலிருந்து சொல்லி வளர்த்துவிட்டு, சாவு வருகிற நிமிஷத்தில் "எடு" என்றால் எங்கேயிருந்து வரும்? தப்பிப் பிழைத்து ஒரு குகையில் ஒதுங்கினபின் அந்தத் தாய் மகளிடம், உன்மேல் தப்பில்லை, திடீரென்று அவ்வளவு பெரிய காரியத்தை உன்னிடம் கேட்டது என் தப்பு என்று ஒத்துக்கொள்ளுகிறாள்.

மத்தேயு 25-ம் அதிகாரத்தில் ஒரு தாலந்தைப் புதைத்து வைத்தவனைக் குறித்து நாம் அநேகம் தரம் கேட்டிருக்கிறோம். அவன் ஏன் புதைத்தான்? சோம்பேறி என்று எஜமான் திட்டுகிறார். ஆனால் அவனே சொல்லுகிற காரணம் என்ன? பயந்தேன் என்கிறான். புதைக்கிற எல்லா மண்வெட்டிக்கும் பிடி பயம்தான் பிரியமானவர்களே.

அடித்துத் துரத்தப்பட்ட பையன்

இனி வில்லனைப் பாருங்கள். அவன் பிறவியிலே வில்லன் இல்லை. மாவீரனைத் தெய்வமாக நினைத்துப் பின்னாலேயே சுற்றின ஒரு சின்னப் பையன். தானே செய்த ஒரு கருவியைக் காலில் மாட்டிக்கொண்டு வந்து, "என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சுகிறான். அந்தப் பெரிய மனுஷன், நான் தனியாகத்தான் வேலை செய்வேன் என்று துரத்திவிடுகிறான். அந்த ஒரு வார்த்தை அந்தப் பையன் நெஞ்சில் விஷமாய் இறங்கி, வளர்ந்து, பழைய வீரர்களை ஒவ்வொருவராகத் தீவுக்கு வரவழைத்துக் கொல்லுகிறவனாக்குகிறது.

இதைப் பார்த்தபோது நம் ஞாயிறு பள்ளிக்கூடம் என் கண்முன்னால் வந்தது. "பாஸ்டர், நான் தபேலா வாசிக்கட்டுமா?" என்று வருகிற பையனை, "போடா, போய் உட்காரு" என்று நானே எத்தனை தரம் அனுப்பியிருக்கிறேன்? அவனுக்குத் தாளம் வராமல் இருக்கலாம். ஆனால் வாசலில் நின்ற ஆசையை நாம் என்ன செய்தோம்? வரம் பெற்றவன் அதைப் புதைப்பது ஒரு பாவம் என்றால், வரம் இல்லாதவன் என்று ஒருவனைத் தள்ளுவது அதற்குக் கூடப்பிறந்த பாவம்.

இந்த இடத்தில் படத்தோடு எனக்கு ஒரு வழக்கும் உண்டு. இந்தக் கதையில் பலம் பிறப்பிலேயே வருகிறது. வீரனின் பிள்ளை வீரன். பிறப்பில் இல்லாததைத் தன் மூளையாலும் கையாலும் சம்பாதித்தவன் வில்லன். அமெரிக்காவில் இது வெறும் கதையாய் இருக்கலாம். நம் பக்கத்தில் இது கதையா? "என்ன படிக்கிறாய்?" என்று கேட்குமுன்னே "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கிற பூமி இது. பிறப்பினாலே சிலர் உயர்ந்தவர் என்ற பேச்சு எந்தப் பொட்டலத்தில் கட்டி வந்தாலும் நாம் பிரித்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். 1 கொரிந்தியர் 12-ல் வரங்களைக் குறித்துப் பவுல் சொல்லும்போது, ஆவியானவர் தமது சித்தத்தின்படி பகிர்ந்துகொடுக்கிறார் என்கிறார். அங்கே கோத்திரமும் இல்லை, தகப்பன் பேரும் இல்லை. கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்ல முடியாது என்கிறதும் அதே அதிகாரம்தான்.

ஆனாலும் நியாயமாய்ப் பேசவேண்டும். அந்த வில்லன் கருவி செய்ததினால் கெட்டவனாகவில்லை, கொன்றதினால் கெட்டவனானான். பிறவிச் சக்தி ஒன்றுமில்லாத தையற்கார அம்மாவைப் படம் ராணியைப்போல வைத்திருக்கிறது. கைத்தொழிலால் வந்த திறமைக்கு அங்கே மரியாதை உண்டு. அந்த மட்டுக்கும் நான் சமாதானமானேன்.

வீட்டில் சொல்லாமல் போகிற அப்பா

ஒரு வார்த்தை தகப்பன்மாருக்கு. அந்த மாவீரன் பழைய பெருமையை மறக்க முடியாமல் மனைவியிடம் பொய் சொல்லுகிறான். விளையாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ராத்திரியில் வேறெங்கோ போகிறான். வேலை போனதையும் மறைக்கிறான். செய்வது நல்ல காரியமாகவே இருக்கட்டும். ஆனால் வீட்டுக்குத் தெரியாத இரண்டாவது வாழ்க்கை ஒன்று ஆரம்பித்துவிட்டால், அது கடைசியில் பிள்ளைகளையே தீயில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

நம் மாவட்டத்துக்கு இதைத் தனியாய்ச் சொல்லவேண்டியதில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்தினால் 60-க்கும் அதிகமானோர் மாண்டுபோனதை நாம் மறக்கவில்லை. அந்த வீடுகளில் அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகளுக்குப் பறக்கிற அப்பா தேவையாயிருக்கவில்லை. சாயங்காலம் நேராய் வீட்டுக்கு வருகிற அப்பா போதுமாயிருந்தது.

கடைசிக் காட்சி

இப்போது என் அறிக்கைக்கு வருகிறேன்.

படத்தின் முடிவில் எல்லாம் நன்றாய் முடிந்து, அந்தப் பையனைப் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் ஓட விடுகிறார்கள். குடும்பம் முழுவதும் மேலே உட்கார்ந்து கத்துகிறது. அவன் நிமிர்ந்து பார்க்கிறான். வேகமாய் ஓடு என்கிறார்கள், அப்புறம் கொஞ்சம் அடக்கு என்கிறார்கள், இரண்டாவதாக வா என்று சைகை காட்டுகிறார்கள். அவன் அப்படியே இரண்டாவதாக வருகிறான். எல்லாருக்கும் சந்தோஷம்.

மாவுக்கட்டுக் கையோடு என் சின்னவன் தொடையில் தட்டிச் சிரித்தான். என் மகள் சிரிக்கவில்லை. செல்போனை நிறுத்தினாள்.

போன வருஷம் குறுவட்ட அளவிலான விளையாட்டுப் போட்டி நடந்தது. என் மகள் 400 மீட்டர் ஓடுகிறவள். பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்து, "உங்க பொண்ணுக்கு நல்ல கால் சார், விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு உள்ளுக்குள்ளே பயம். குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டம், அதற்குமேல் வெளியூர். பெண்பிள்ளை. போடுகிற உடுப்பு. சபையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஊரில் வேறே விதமாகப் பேசுவார்கள். என் அப்பா எனக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. "நம்மள மாதிரி வீட்டுப் பிள்ளை தலையைத் தூக்கக்கூடாதுடா. கூட்டத்தோட கூட்டமா இருந்துட்டா அடி விழாது." அவர் அடி வாங்கின மனுஷன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

போட்டிக்கு முந்தின ராத்திரி என் மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஓடும்மா. வேண்டாம்னு அப்பா சொல்லல. ஆனா முன்னாடி வந்துடாதே."

நாலாவதாக வந்தாள். வருகிற வழியில் பேக்கரியில் நிறுத்தி முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். கீழ்ப்படிதலுள்ள பிள்ளை என்று என் மனைவியிடம் பெருமையாய்ச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தாழ்மையைக் குறித்துப் பிரசங்கமும் பண்ணினேன்.

படத்தை நிறுத்தின என் மகள் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, அந்தப் பையனுக்கு அவங்க வீட்டுல சொன்னது ஒரு விதத்துல நியாயம். அவன் நிஜமா ஓடினா மத்த பசங்க நிக்கவே முடியாது. அது போட்டியே இல்ல. எனக்கு ஏன்ப்பா சொன்னீங்க? நான் சாதாரணமாத்தானே ஓடுறேன்?"

என்னிடத்தில் பதில் இல்லை. பந்தயத்தில் ஓடுகிறவன் பரிசு பெறும்படி ஓடவேண்டும் என்று பவுல் 1 கொரிந்தியர் 9-ல் எழுதியதை வைத்து நானே மூன்று தரம் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். மூன்று தரமும் அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவள்.

தாழ்மையா, பொய்யா?

அன்று ராத்திரி முழங்காலில் நின்று யோசித்ததை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

அடக்கிக்கொள்வது எல்லாமே தவறு அல்ல. எஸ்தர் தன் குலத்தை வெளிப்படுத்தாமல் இருந்தாள், மொர்தெகாய் அப்படிச் சொல்லியிருந்தான். ஆனால் ஜனங்களுக்கு ஆபத்து வந்தபோது அதே மொர்தெகாய், இனி மறைக்காதே என்று ஆள் அனுப்பினான். பெரிய அண்ணன் சின்னத் தம்பியோடு ஓடும்போது காலைக் கட்டிக்கொண்டு ஓடுகிறான், அது அன்பு. பந்தியில் பலசாலி பின்னுக்கு நின்று பலவீனருக்கு முதலில் இடம் விடுகிறான், அது தாழ்மை. இந்த எல்லாவற்றிலும் அடங்குகிறவன் இன்னொருத்தருக்காக அடங்குகிறான்.

நான் என் மகளை யாருக்காக அடக்கினேன்? அவளுக்காகவா? கூட ஓடின பிள்ளைகளுக்காகவா? என் பேருக்காக. நாலு பேர் வாய்க்குப் பயந்து. அதற்குத் தாழ்மை என்று ஒரு வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டுவிட்டேன். தையற்காரன் அல்லவா!

இன்னொன்றும் யோசித்தேன். படத்தில் அந்தப் பையன் வேண்டுமென்றே இரண்டாவதாக வந்தான். அப்படியானால் நியாயமாய் இரண்டாவதாக வரவேண்டிய ஒரு பையன் அங்கே மூன்றாவதாக நிற்கிறானே, அவன் யார்? அவன் உயிரைக் கொடுத்து ஓடியிருப்பானே? அவனுடைய இடத்தை நடிப்பினால் எடுத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை. வேண்டுமென்று தோற்பதிலும் ஒரு பொய் உண்டு, அதற்கும் யாரோ ஒருவர் கிரயம் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் நிற்கவே முடியாத பந்தயம் என்றால் அதில் இறங்காதிருப்பது உண்மை. இறங்கினபின் உள்ளபடி ஓடுவது உண்மை. படம் நல்ல கேள்வியைக் கேட்டது, ஆனால் சிரித்துக்கொண்டே பாதிப் பதிலோடு முடித்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

அருமையான பெற்றோரே, உங்கள் பிள்ளையைப் பார்த்து "வேண்டாம், அடக்கி வாசி" என்று சொல்லுமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இதை யாருக்காகச் சொல்லுகிறேன்? பிள்ளைக்காகவா, பிறனுக்காகவா, என் மானத்துக்காகவா?

2. இந்தப் பிள்ளை மறைத்துக்கொண்டால் நஷ்டப்படுகிறவர் யார்? பாடத் தெரிந்தவள் பாடாவிட்டால், கணக்குத் தெரிந்தவன் கை தூக்காவிட்டால், அந்த நன்மை யார் வீட்டுக்குப் போகாமல் நின்றுபோகிறது?

3. நாளைக்குத் தேவை வரும்போது, இன்றைக்கு நான் பூட்டி வைத்ததை இந்தப் பிள்ளையால் திறக்க முடியுமா?

இந்த மூன்றுக்கும் சுத்த மனசாட்சியோடு பதில் சொல்ல முடிந்தால் தடுங்கள். வைக்கோல் போர் மேல் ஏறிக் குதிக்கிறவனைக் கண்டிப்பாய்த் தடுங்கள், அவனுக்குச் சிறகு இல்லை. ஆனால் கால் உள்ள பிள்ளையை ஓடாதே என்று தடுக்க எனக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

பிள்ளைகளிடத்தில் மன்னிப்புக் கேட்பது நம் பக்கத்துத் தகப்பன்மாருக்குப் பழக்கமில்லாத காரியம். எனக்கும்தான். மறுநாள் காலையில் அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். "அப்பா சொன்னது தப்பும்மா" என்று சொல்ல அரைமணி நேரம் ஆனது. அவள் வாளியைக் கீழே வைக்காமலே, "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான்.

கடையில் நானே கருநீலத் துணியில் அவளுக்கு முழுநீள டிராக் பேண்ட் தைத்தேன். ஆகஸ்டு மாதம் இந்த வருஷத்துக் குறுவட்டப் போட்டி நடந்தது. நானும் என் மனைவியும் மாவுக்கட்டு பிரித்த சின்னவனும் வேலி ஓரமாய் நின்றோம். நம் சபையிலிருந்து ஒரு வயதான தாயாரும் வந்திருந்தார்கள். என்ன சொல்லப் போகிறார்களோ என்று பயந்தேன். அவர்கள்தான் எல்லாரையும்விட அதிகமாய்க் கத்தினார்கள். என் மகள் மூன்றாவதாக வந்தாள்.

"நிஜமான மூணாவதுப்பா" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். முதல் இரண்டு இடமும் அவளைவிட நல்ல கால் உள்ள பிள்ளைகளுக்குப் போனது. மாவட்டத்துக்குத் தேர்வாகவில்லை. வருகிற வழியில் அதே பேக்கரியில் நிறுத்தினேன். போன வருஷம் நான் வாங்கிக் கொடுத்தது லஞ்சம். இந்த வருஷம் பிள்ளைக்கு நல்ல பசி, இரண்டு பப்ஸ் சாப்பிட்டாள்.

பிரியமானவர்களே, கர்த்தர் உங்கள் வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எதை வைத்திருக்கிறார் என்று கண் திறந்து பாருங்கள். அதைக் காட்டிப் பெருமை பாராட்ட வேண்டாம். புதைக்கவும் வேண்டாம். அடுத்த மாதம் சந்திக்கும்வரை தேவ சமாதானம் உங்கள் குடும்பங்களைக் காத்துக்கொள்வதாக. ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில் உங்கள் சகோதரன்,
ரிஷிவந்தியம்.